குலசேகரம் தோட்டத்து ஜிப்ஸிக்கு எந்த டயர்? பழைய நான்கு சக்கர இழுவை வண்டியின் டயர் அளவு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட வண்டி மாருதி ஜிப்ஸி கிங், ஹார்டு டாப், 2006 தயாரிப்பு. எஞ்சின் 1298 சிசி, 80 குதிரைத்திறன். 4500 ஆர்பிஎம்மில் 103 நியூட்டன் மீட்டர் டார்க். ஐந்து கியர். டிரான்ஸ்ஃபர் கேஸில் (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) ஹை விகிதம் 1.409, லோ விகிதம் 2.268. நான்கு மூலையிலும் லீஃப் பட்டை, முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். பவர் ஸ்டியரிங் கிடையாது.

வேலை ரப்பர் தோட்டத்து வேலை. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் பிரிந்து மேலே ஏறும் தோட்டம். கீழ்ச்சரிவில் வெட்டி எடுக்கும் பாலை 30 லிட்டர் கேன்களில் மேலே உள்ள ரோலர் புரைக்கு (பாலை உறையவைத்து ஷீட்டாக உருட்டும் கொட்டகை) கொண்டுபோக வேண்டும். பாரம் ஏறும்போதுதான்; இறங்கும்போது வண்டி பெரும்பாலும் காலி. பாதையில் முதல் பகுதி தார், அப்புறம் கருங்கல் பதித்த சோலிங், கடைசியில் செம்மண். நடுவில் மூன்று கொண்டை ஊசி வளைவு. இதுபோக வாரம் ஒருமுறை நாகர்கோவில், எப்போதாவது களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம், ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலி. கணக்குப் பார்த்தால் முக்கால்வாசி ஓட்டம் தார்ச்சாலையில்தான். தோட்டத்து வண்டி என்றாலே சேற்றில் கிடக்கும் வண்டி என்று நினைப்பதில்தான் பல தவறான டயர்கள் விற்பனையாகின்றன.

பட்டறைக்கு வந்தபோது வண்டியில் மாட்டியிருந்தவை 235/75 ஆர்15 மட் டெரைன் (சேற்றுக்கான) டயர்கள். கம்பெனியோடு வந்த 5.5 அங்குல அகல டிஸ்க்கிலேயே (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்; பிரேக் டிஸ்க் அல்ல) ஏற்றியிருந்தார்கள். ஸ்டெப்னி மட்டும் பழைய 205/70 ஆர்15.

புகார்கள் இவை. ஐந்தாவது கியர் சமவெளியில்கூட இழுப்பதில்லை. பாரத்தோடு ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டே ஏற்ற வேண்டியிருக்கிறது, கிளட்ச் பிளேட் ஒன்று அதற்குள் போய்விட்டது. 60-ஐ நெருங்கினால் ஸ்டியரிங் உதறுகிறது. கொண்டை ஊசியில் ஒரே வீச்சில் திரும்பிய வண்டி இப்போது இருமுறை ரிவர்ஸ் கேட்கிறது. மைலேஜ் படுத்துவிட்டது. டிரைவர் ஒரே வரியில் சொன்னார்: "அண்ணே, டயர் மாத்துனதுக்கு அப்புறம் வண்டிக்கு வயசாயிட்டு."

உரிமையாளர் கேட்டது வேறு. "இன்னும் கொஞ்சம் உயர்த்தி, லிஃப்ட் கிட் போட்டால் சரியாகுமா?"

முதலில் அளவு

205/70 ஆர்15 என்றால் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 143.5 மி.மீ., டிஸ்க்கின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழும் உண்டு என்பதால் மொத்த விட்டம் 381 + 143.5 + 143.5 = 668 மி.மீ. இந்த ஒரு கூட்டலைப் போடாமல் டயர் வாங்கக் கூடாது.

ஜிப்ஸிக்கு நைலான் டயர் காலத்தில் எஃப்78-15, 4 பிஆர் (நான்கு அடுக்கு வலிமை) என்ற டயரும் கம்பெனி அளவாக இருந்தது. அதில் 'எஃப்' பாரத் திறனைக் குறிக்கும் எழுத்து, 78 பக்கச்சுவர் விகிதம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 205/75 ஆர்15-க்கு இணை. அதாவது ஜிப்ஸியின் உடம்பு 205/70-ஐ விடச் சற்று உயரமான டயரை முன்பே சுமந்திருக்கிறது. பெரிய டயரே ஆகாது என்பதில்லை, எவ்வளவு பெரியது என்பதே கேள்வி.

இந்த வண்டிக்குப் பரிசீலித்த அளவுகளைக் கீழே தருகிறோம். கடைசிப் பத்தி, அந்த டயர் உட்காரத் தகுதியான டிஸ்க்கின் அகலம், அங்குலத்தில்.

| அளவு | விட்டம் (மி.மீ.) | கூடுதல் | தரை இடைவெளி கூடுவது (மி.மீ.) | டிஸ்க் அகலம் |
|---|---|---|---|---|
| 205/70 ஆர்15 | 668 | – | – | 5.0–7.0 |
| 195/80 ஆர்15 | 693 | 3.7% | 12.5 | 5.0–6.5 |
| 225/70 ஆர்15 | 696 | 4.2% | 14 | 6.0–7.5 |
| 215/75 ஆர்15 | 703.5 | 5.3% | 18 | 5.5–7.0 |
| 235/75 ஆர்15 | 733.5 | 9.8% | 33 | 6.0–8.0 |

இவை கணக்கு அளவுகள். ஒரே அளவு எழுதிய இரண்டு கம்பெனி டயர்களுக்கிடையே சில மில்லிமீட்டர் வித்தியாசம் எப்போதும் உண்டு. மட் டெரைனில் பட்டன் (ஓடுபரப்பிலுள்ள ரப்பர் கட்டைகள்) ஆழம் அதிகம் என்பதால் அது இன்னும் சற்று உயரும். விட்டம் எவ்வளவு கூடினாலும் தரை இடைவெளி அதில் பாதிதான் கூடும் என்பதையும் கவனிக்க. ஜிப்ஸியின் இயல்பான இடைவெளி 210 மி.மீ. 235 போட்டுக் கிடைத்த லாபம் 33 மி.மீ., ஏறத்தாழ இரண்டு விரல் அகலம். அதற்குக் கொடுத்த விலை கீழே.

கியரில் விழுந்த அடி

டயரின் விட்டம் 9.8 சதவீதம் கூடினால், எல்லாக் கியரும் அதே அளவு 'உயரம்' ஆகிவிடும். சக்கரம் தரையைத் தள்ளும் விசை 1.098-ஆல் வகுபடும், அதாவது 8.9 சதவீதம் குறையும். ஜிப்ஸியின் கியர் விகிதங்கள் 3.652, 1.947, 1.423, 1.000, 0.795. முதல் கியர் 3.652 என்பது 235 டயரில் 3.326 ஆகவும், ஐந்தாவது 0.795 என்பது 0.724 ஆகவும் நடந்துகொள்ளும். ஐந்தாவது ஏற்கெனவே ஓவர்டிரைவ், அதாவது விகிதம் ஒன்றுக்கும் கீழே. இத்தனை சிறிய எஞ்சினில் அதை மேலும் நீட்டினால் கியர் இருந்தும் இல்லாததுபோலத்தான். டிரைவர் நாலாவது கியரிலேயே நாகர்கோவில் வரை ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் அங்கேயும் போயிருக்கிறது.

தோட்டத்துக்காரருக்குப் புரியும்படி இதையே எடையாக மாற்றிச் சொல்லலாம். ஆளும் பாரமும் சேர்த்து 1500 கிலோவில் ஏறும் வண்டி ஒன்றுக்கு 9.8 சதவீதப் பெரிய டயர் போட்டால், ஏற்றத்தில் எஞ்சினுக்கு அது கூடுதலாக 147 கிலோ ஏற்றியதற்குச் சமம். ரப்பர் பால் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஏறாத ஐந்து கேன் பாலை வண்டி தினமும் சுமந்துகொண்டிருந்தது. 215/75 போட்டால் இந்தப் பொய்ப்பாரம் 80 கிலோ, 195/80 போட்டால் 56 கிலோ.

லோ கியர் இருக்கிறதே என்று கேட்கலாம். ஜிப்ஸியின் லோ, ஹையைவிட 1.61 மடங்குதான் தாழ்வு (2.268-ஐ 1.409-ஆல் வகுத்தால் வரும் எண்). பழைய ஜீப்பில் வரும் ஏறத்தாழ 2.46 மடங்கோடு ஒப்பிட்டால் இது மெலிதான லோ. பெரிய டயர் அதிலும் ஒரு பங்கைத் தின்கிறது: 2.268 என்பது 235-இல் 2.065 போல நடக்கும். வெளிநாடுகளில் இதே வண்டியின் சாமுராய் வடிவத்துக்கு 4.16 விகித லோ கியர் செட் போட்டுத்தான் பெரிய டயர் மாட்டுகிறார்கள். கியரைத் தொடாமல் டயரை மட்டும் பெருக்குவது பாதி வேலை. லிஃப்ட் கிட் போட்டால் சரியாகுமா என்ற கேள்விக்கும் இதுவே பதில். லிஃப்ட் மட்கார்டு உரசலைத் தீர்க்கும், கியரைத் தீர்க்காது.

பிரேக்கிலும் இதே விகிதம். சக்கரத்தின் ஆரம் கூடினால் அதே நிறுத்தலுக்கு பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் 9.8 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை தர வேண்டும். இறக்கத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் பலமும் குறைந்துவிடுவதால் கால் பிரேக்கின் மேல் நிற்கும் நேரம் கூடும். இந்த வண்டியின் முன் பேடுகள் ஓரத்தில் கண்ணாடிபோலப் பளபளத்திருந்தன, சூடேறியதன் அடையாளம்.

5.5 அங்குல டிஸ்க்கில் 235

இந்த நிகழ்வில் கட்டாயமாகத் திருத்த வேண்டியது இதுதான். 235/75-க்குக் குறைந்தபட்சம் 6 அங்குல அகல டிஸ்க் வேண்டும். 5.5-இல் ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்நோக்கிக் குவிந்து, ஓடுபரப்பின் நடு எழும்பி நிற்கும். விளைவை இந்த நான்கு டயரிலும் பார்க்க முடிந்தது. நடுவரிசைப் பட்டன்கள் ஓரத்தைவிடத் தெளிவாகத் தேய்ந்திருந்தன. காற்று அதிகம் வைத்ததால் வந்த தேய்மானம் என்று பஞ்சர் கடையில் சொல்லி, காற்றைக் குறைத்திருக்கிறார்கள். குறுகிய டிஸ்க்கில் காற்றையும் குறைத்தால் வளைவில் டயர் டிஸ்க்கின் மேல் பக்கவாட்டில் சரியும், ஸ்டியரிங் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே ஒரு தாமதம் வரும். டியூப்லெஸ் டயரானால் பீட் (டயரின் உள்விளிம்பு) விலகிக் காற்று இறங்கவும் கூடும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்றில் இந்தத் தாமதம் நன்றாகத் தெரியும். முப்பந்தலில் காற்றாலை நிற்பது சும்மா இல்லையே. உயரமான, தட்டையான பக்கங்கள் கொண்ட ஹார்டு டாப் வண்டியைப் பக்கக் காற்று தள்ள, தளதளத்த டயர் அதற்கு வளைந்து கொடுக்க, டிரைவர் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

அகலமான டிஸ்க் வாங்கிவிடலாமே என்றால், வாங்கலாம். ஜிப்ஸியின் போல்ட் வட்டம் 5 × 139.7, பழைய ஜீப் டிஸ்க்கும் அதே வட்டம் என்பதால் மாட்டிப் பார்க்கும் ஆசை எளிதில் வரும். போல்ட் ஓட்டை பொருந்துவது மட்டும் போதாது; நடு ஓட்டை ஹப்பில் உட்கார வேண்டும், டிஸ்க்கின் ஆஃப்செட்டும் (போல்ட் முகம் டிஸ்க்கின் நடுவிலிருந்து விலகியிருக்கும் அளவு) கம்பெனி அளவுக்கு அருகில் இருக்க வேண்டும். சக்கரம் வெளியே தள்ளித் தள்ளி நிற்கும் டிஸ்க் மாட்டினால் வீல் பேரிங்கிலும் கிங்பின்னிலும் (முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் முளை) நெம்புவிசை கூடும். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஸ்பேசர் போடுவதும் அதேதான். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் கைக்கும் அது தெரியும்.

உதறல்: டயர் மேல் மட்டும் பழி போட வேண்டாம்

முன் அச்சு ஒரே கட்டையாக உள்ள லீஃப் பட்டை வண்டிகளில் 55–65 வேகத்தில் ஸ்டியரிங் உதறுவது பழைய நோய். பெரிய, கனமான டயர் அதை வெளியே கொண்டுவரும். உண்டாக்குவது பெரும்பாலும் தேய்ந்த கிங்பின் பேரிங். பாலன்சிங் மட்டும் செய்து அனுப்பினால் பத்து நாளில் திரும்பி வரும்.

சோதனை எளிது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டவும். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றவர் மீண்டும் ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் பேரிங். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டு (ஸ்டியரிங் இணைப்புக் கம்பியின் முனை), ஸ்டியரிங் பாக்ஸின் தளர்வு தெரியும். இந்த வண்டியில் இரண்டு பக்கமும் கிங்பின் ஆட்டம், ஒரு டை ராட் எண்டிலும் தளர்வு. நக்கிளை (அச்சு முனையில் சக்கரம் திரும்பும் மூட்டு) திறந்தபோது உள்ளே கிரீஸ் பாலாடைபோல் வெளுத்திருந்தது. ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சீல் கிழிந்த வண்டியில் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் வேலை.

மாற்றியவை: கிங்பின் பேரிங் 4, நக்கிள் சீல் செட் 2, டை ராட் எண்டு ஒரு ஜோடி, ஸ்டியரிங் டேம்பர் 1. கிங்பின்னின் இறுக்கம் ஷிம் தகடுகளால் அமைவது; தகட்டை எடுத்தால் இறுக்கம் கூடும், சேர்த்தால் குறையும். ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்துக் கையேட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும், கை மதிப்பில் விடக் கூடாது. இதையெல்லாம் புது டயர் மாட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். ஆட்டமுள்ள முன் அச்சில் புது டயர் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே பட்டன்கள் படிக்கட்டுபோலத் தேயும், அதற்குப் பின் அச்சைச் சரிசெய்தாலும் டயரின் இரைச்சல் போகாது.

கொண்டை ஊசிப் பிரச்சினை இங்கேயே அவிழ்ந்தது. முழுத் திருப்பத்தில் 235 டயரின் உள்பக்கம் லீஃப் பட்டையில் உரசியிருக்கிறது. அதைத் தடுக்க யாரோ நக்கிளில் உள்ள ஸ்டாப் போல்ட்டை நீட்டி வைத்திருந்தார்கள். உரசல் நின்றது, திருப்பமும் சுருங்கியது.

மண் எதைக் கேட்கிறது

அகலமான டயர் சேற்றில் நல்லது என்ற எண்ணம் நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குப் பொருந்தாது. இங்குள்ள செம்மண் பாதைகளில் மழைக்காலத்தில் மேலே ஓரிரு அங்குலம் வழுக்குச் சேறு, அடியில் கெட்டியான செம்புரை அல்லது சோலிங். டயர் அந்தச் சேற்றைப் பிளந்து அடியிலுள்ள கெட்டியைத் தொட வேண்டும். காற்றழுத்தம் ஒன்றேயானால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒன்றேதான். ஆனால் அகல டயரில் அது குறுக்கே விரிந்திருக்கும், குறுகிய டயரில் நீளவாக்கில் நீண்டிருக்கும். குறுகிய டயர் முன்னால் குறைவான சேற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது, அடிவரை இறங்குகிறது. அகல டயர் சேற்றின் மேலேயே மிதந்து, சரிவில் பக்கவாட்டில் வழுக்கும். ரப்பர் இலை உதிரும் மாதங்களில் நனைந்த இலைப்படுகையின் மேலும் அப்படித்தான். ஆழத்துக்கு அடியே கெட்டி இல்லாத வயல் சேற்றிலும் கடற்கரை மணலிலும் கணக்கு தலைகீழ். அங்கே விரிந்த டயர்தான் வேண்டும். இந்த வண்டி மணலுக்குப் போவதில்லை.

மட் டெரைன் பட்டனை விட்டுவிடச் சொன்னோம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில், முக்கால்வாசி ஓட்டம் தாரில் என்றால், நனைந்த தாரில் நிற்கும் திறன் முதலில் வர வேண்டும். பெரிய இடைவெளிவிட்ட பட்டன்கள் தாரைத் தொடும் ரப்பர் குறைவு. கனமும் அதிகம், அந்தக் கனம் முழுதும் லீஃப் பட்டைக்குக் கீழே சுழலும் கனம். ஆல் டெரைன் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான) பட்டன் சோலிங்குக்கும் செம்மண்ணுக்கும் போதும். கோதையாற்றுப் பக்கம் மேலே ஏறும் வண்டிகள் பலவும் சாதாரண ரோட்டு டயரிலேயே ஏறுவதைப் பார்க்கலாம். ஓட்டத் தெரிந்த கை பாதி டயர்.

195/80-ஆ, 215/75-ஆ

235 போயிற்று. 225/70-க்கும் 6 அங்குல டிஸ்க் வேண்டும், அதுவும் போயிற்று. மிஞ்சியவை இரண்டு.

பொறியியல் கணக்கில் 195/80 ஆர்15 முந்தும். 2023-இல் வந்த மாருதி ஜிம்னியின் கம்பெனி அளவு இது. ஜிம்னியின் டிஸ்க்கும் 5.5 அங்குலம்தான். குறுகலானது, நைலான் கால ஜிப்ஸி டயரின் உயரத்துக்கு மிக அருகில் நிற்பது, கியர் இழப்பு 3.6 சதவீதம் மட்டும். பாரக் குறியீடு 96 என்றால் ஒரு டயருக்கு 710 கிலோ. ஜிப்ஸிக்கு அது ஏராளம்.

215/75 ஆர்15 பொலிரோ அளவு. 5.5 டிஸ்க் அதற்கு அனுமதிக்கப்பட்டதில் கடைசி எல்லை. கியர் இழப்பு 5 சதவீதம். பாரக் குறியீடு 100 என்றால் 800 கிலோ. இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பொலிரோ ஓடாத ஊர் இந்த மாவட்டத்தில் இல்லை. மார்த்தாண்டம், தக்கலை, வடசேரி மட்டுமல்ல, குலசேகரத்திலேயே இந்த அளவு தொங்கும். சோலிங் கல்லில் பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டுப்போட முடியாது, டயரே மாற்ற வேண்டும். சனிக்கிழமை மாலை கிழிந்து, ஜிம்னி அளவு ஆர்டரில் வரும்வரை வண்டி நின்றால், வெட்டிய பால் காத்திருக்காது, கேனிலேயே உறைந்துவிடும்.

தினமும் வேலைக்குப் போகும் வண்டி என்பதால் 215/75 ஆர்15 ஆல் டெரைன் முடிவாயிற்று. இதே ஜிப்ஸி வீட்டில் நிற்கும் சொந்த உபயோக வண்டியாக இருந்தால் 195/80 என்றே சொல்லியிருப்போம், சந்தேகமே இல்லை. சிலர் 6.00-16 ஜீப் டயரையும் கேட்பார்கள். அகலம் குறைவு என்பது நல்லது, உயரம் 235-க்கு அருகில் போய்விடும், ஆகையால் முதல் பிரச்சினை அப்படியே இருக்கும்.

ஐந்து டயர், ஒரே சுற்றளவு

ஜிப்ஸியில் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இழுவையில் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் இரும்பால் பூட்டியதுபோல ஒரே வேகத்தில் சுழலும். முன் டயருக்கும் பின் டயருக்கும் சுற்றளவில் 2 சதவீதம் வித்தியாசம் இருந்தால், 100 மீட்டர் ஓட்டத்தில் 2 மீட்டர் எங்கேயாவது வழுக்கியே தீர வேண்டும். சேற்றில் வழுக்கிவிடும். சோலிங்கில் வழுக்க இடமில்லாமல் ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறும். லீவர் இரண்டு சக்கர இழுவைக்குத் திரும்ப மறுக்கும், ஸ்டியரிங் கல்லாகும். கியர்பாக்ஸ் பழுது என்று திறந்து பார்க்கும் வண்டிகளில் பாதிக்கு டயர்தான் காரணம். ரிவர்ஸில் கொஞ்சம் நகர்த்தினால் லீவர் விடும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும்.

புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் பட்டன் ஆழத்தில் 8 மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டத்தில் 16 மி.மீ.; 703.5 விட்டத்தில் அது 2.3 சதவீதம். எனவே முன்னால் இரண்டு புதிது, பின்னால் இரண்டு பழையது என்ற வழக்கம் இந்த வண்டிகளுக்கு ஆகாது. பழைய 205/70 ஸ்டெப்னியும் அப்படித்தான். பின் அச்சில் ஒரு பக்கம் மாட்டினால் டிஃபரென்ஷியலின் சிறு கியர்கள் நேர்ச்சாலையிலும் ஓயாமல் சுழன்று தேயும், நான்கு சக்கர இழுவையைத் தொடவே கூடாது.

அளக்கும் முறை: வண்டி தரையில் நிற்க, டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு. சிமெண்ட் தரையில் நேராகத் தள்ளி ஐந்து முழுச் சுற்று. தரையில் இரண்டு கோட்டுக்கும் இடையே டேப் பிடிக்கவும். பாரத்தில் டயர் அமுங்குவதால் கணக்குச் சுற்றளவைவிட ஏறத்தாழ 3 சதவீதம் குறைவாக வரும், 205/70-க்கு 10.2 மீட்டர், 215/75-க்கு 10.7 மீட்டர், 235/75-க்கு 11.2 மீட்டர் அளவில் எதிர்பார்க்கலாம். நான்கு சக்கரத்துக்கும் இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அதாவது ஏறத்தாழ 1 சதவீதம், முதலில் காற்றைச் சமப்படுத்தி மறுபடி அளக்க வேண்டும். அப்படியும் இருந்தால் டயர்களை இடம் மாற்ற வேண்டும். இந்த வண்டிக்கு ஐந்தும் ஒரே பட்டனில், ஒரே கம்பெனியில் வாங்கப்பட்டன. ஸ்டெப்னியும் சுழற்சியில் சேரும், 8000 கிலோமீட்டருக்கு ஒருமுறை.

வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பார்க்க வேண்டும். 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம். ஐந்திலும் அது ஒன்றுக்கொன்று சில மாதங்களுக்குள் இருப்பது நல்லது. தோட்டத்து வண்டியில் டயர் தேய்ந்து சாவதைவிட வெடித்துச் சாவதே அதிகம். பட்டன் மிச்சமிருந்தாலும் ஆறு வருடம் தாண்டினால் பக்கச்சுவர் வெடிப்பை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்க வேண்டும்.

மாட்டியது

பழைய டிஸ்க்குகளின் உள்விளிம்பில் துருப் பொருக்கு. டியூப்லெஸ் டயர் காற்று விடாமல் உட்கார வேண்டுமானால் அந்த விளிம்பை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்துக் காயவைக்க வேண்டும். புது வால்வு 5. விளிம்பு அடிபட்டு வளைந்த டிஸ்க் ஒன்று இருந்தது, தட்டி நிமிர்த்தாமல் மாற்றப்பட்டது.

மாட்டியபின் உரசல் சோதனை. மட்கார்டின் உள்விளிம்பிலும் லீஃப் பட்டையிலும் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் கட்டையின் மேல் ஒரு அடி ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்ப வேண்டும். பிறகு பக்கம் மாற்றி அதேபோல். எங்கே சுண்ணாம்பு வழித்தெடுக்கப்படுகிறதோ அங்கே உரசல். காலி வண்டியில் செய்து பயனில்லை. பாரம் ஏற்றியே செய்ய வேண்டும். நீட்டி வைத்திருந்த ஸ்டாப் போல்ட்டை உள்ளே வாங்கியபின் முழுத் திருப்பத்தில் டயருக்கும் பட்டைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி வைக்கப்பட்டது. மட்கார்டில் எங்கும் தொடவில்லை. லிஃப்ட் கிட் தேவைப்படவில்லை.

காற்றழுத்தம் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவல்ல. அது டயரின் தாங்கும் எல்லை. 205/70-க்கான கையேட்டு அளவும் 215/75-க்கு அப்படியே பொருந்தாது. ஓடுபரப்பின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, நேர்ச்சாலையில் நூறு மீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு. இந்த வண்டிக்கு முன்னால் 24 பிஎஸ்ஐ, பின்னால் காலியாக 26, பாரத்தோடு 30 என்று அமைந்தது. 5.5 டிஸ்க்கில் 215 இருப்பதால் சேற்றுக்கென்று 18-க்குக் கீழே இறக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லப்பட்டது. வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, முதல் நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை.

அதன்பின், அதே எட்டு கேன் பாரத்தில் ஏற்றம் முதல் கியரில் கிளட்சைத் தொடாமல் ஏறுகிறது. நனைந்த நாளில் லோ. கொண்டை ஊசிகள் ஒரே வீச்சில். உதறல் இல்லை. ஐந்தாவது கியர் காவல்கிணறு நால்வழிச்சாலையில் பயன்படுகிறது, குழித்துறைப் பக்கத்து ஏற்ற இறக்கத்தில் இன்னும் நாலாவதுதான். அதற்கு 205/70-க்கே திரும்பினாலும் பெரிய வித்தியாசம் வராது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு கேரளத்திலிருந்து போனது என்பதை களியக்காவிளை தாண்டுகிறவர்கள் நினைவில் வைப்பது நல்லது. கண்டிப்பாகப் பேசினால் கேள்விக்கே இடமில்லாத அளவு கம்பெனி குறிப்பிட்டது மட்டும்தான். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர் எந்தச் சோதனையிலும் முதலில் கண்ணில் படும். 215 உள்ளே அடங்குகிறது. 2006 வண்டிக்கு 15 வருடம் 2021-இல் முடிந்தது, ஆர்சி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. ஆய்வுக்குக் கொண்டுபோகும் நாளுக்கென்று நல்ல நிலையிலுள்ள 205/70 செட் ஒன்றை டிஸ்க்கோடு கையில் வைத்திருப்பவர்கள் உண்டு. பட்டன் ஆழம் எந்த அளவானாலும் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது.

மீட்டரும் மைலேஜும்

வேகமானியின் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால் டயர் மாறியது அதற்குத் தெரியாது. மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், 235 டயரில் 80 காட்டும்போது வண்டி 87.8-இல் போய்க்கொண்டிருந்தது, 215-இல் 84.2. பழைய மீட்டர்கள் ஏற்கெனவே கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும் என்பதால் கைபேசி ஜிபிஎஸ்ஸோடு 40, 60, 80-இல் ஒப்பிட்டு, வித்தியாசத்தை டாஷ்போர்டில் எழுதி ஒட்டியாயிற்று.

மைலேஜ் புகாரில் ஒரு பகுதி இங்கே இருந்தது. 235 டயரில் மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது ஓடியது 109.8. லிட்டருக்கு உண்மையில் 11 கிடைத்தாலும் கணக்கில் 10 என்றே வரும். மிச்ச இழப்பு உண்மையானது: கனமான பட்டன், நாலாவது கியர், அரைக் கிளட்ச். 215-க்கு மீட்டர் கிலோமீட்டரை 1.053-ஆல் பெருக்கிய பிறகே பெட்ரோல் கணக்குப் போட வேண்டும். ஆயில் மாற்றுவதும் அப்படியே. 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும் வழக்கமானால், இனி மீட்டரில் 4750 ஏறியதும் வண்டி பட்டறைக்கு வர வேண்டும்.